சென்னிமலையின் எடை

எழுபத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் சென்னிமலை தன் வீட்டு வெள்ளாட்டைவிட எடை குறைந்தவனாக இருந்தான். ஆள் இளைக்கவில்லை. தோள் அதே தோள், சட்டை அளவும் அதேதான். மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டான். அந்த வருஷம் சோளம் நன்றாக வந்திருந்தது, முட்டை விலை சித்திரையில் இறங்கி ஆனியில் ஏறியது, திருச்செங்கோடு ரோட்டில் புதிதாக இரண்டு பட்டறைகள் முளைத்தன. சென்னிமலையின் எடை போனதும் இவற்றோடு சேர்ந்த ஒரு செய்தியாகத்தான் ஊரில் பேசப்பட்டது. அப்படி எடுத்துக்கொள்ள முடியாமல் போனவள் அவன் மனைவி வசந்தாமணி ஒருத்திதான். கணவன் வாசலில் கால் வைக்கும் சத்தத்தைக் கொண்டே அன்றைக்குப் பட்டறையில் வேலை எப்படிப் போயிற்று என்று சொல்லிவிடுகிறவள் அவள். அந்தச் சத்தம் நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன. இப்போதெல்லாம் அவன் அடுப்படிக் கதவருகே வந்து நின்ற பிறகுதான் வந்ததே தெரிந்தது.

ராணுவத்தில் கழித்துப்போட்ட பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்றைச் சேலத்தில் ஏலம் எடுத்தவரிடமிருந்து அவன் எழுபத்தைந்தில் வாங்கி வந்திருந்தான். கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்ததும் எருதுகளை விற்றுவிட்டதால் கட்டுத்தரை காலியாகக் கிடந்தது. எருதுகள் நின்ற அதே இடத்தில், கூரைக்குக் கீழே, புல்லட்டை நிறுத்தினான். அவன் கட்டிய பாடிகளோடு லாரிகள் அஸ்ஸாமுக்கும் காஷ்மீருக்கும் போய்வந்துகொண்டிருந்தன. அவன் மட்டும் வடக்கே ஓமலூரைத் தாண்டியதில்லை. திரும்பி வரும் வண்டிகளின் பலகை இடுக்கில் ஆப்பிள் பெட்டிக்கு வைத்த வைக்கோல் சிக்கியிருக்கும். அதை எடுத்து மோந்து பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். லடாக் என்று ஓர் ஊர் இருக்கிறது, உலகத்திலேயே உயரமான ரோடு அங்கேதான் போகிறது என்று டிரைவர்கள் சொல்லக் கேட்டிருந்தான். புல்லட்டை வாங்கி வந்த வாரத்தில் வசந்தாமணியிடம் அவன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "லடாக் வரைக்கும் ஒருக்காப் போயிட்டு வரோணும்." அது எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டாள். "மேல," என்றான். அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளும் மாலைப் பொழுதுகளும் கட்டுத்தரையில்தான் கழிந்தன. செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போடுவான். கார்புரேட்டரைப் பிரித்து வெள்ளைத் துணியின் மேல் வரிசையாக வைப்பான். பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, தளர்ந்ததை இறுக்குவான். வசந்தாமணி எதிரே பலகையில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தையில்லை. அதைப் பற்றிப் பேச வந்தவர்களும் பேசி அலுத்து நிறுத்தியிருந்தார்கள். இருவரும் ஒரு பகல் முழுவதும் பத்து வார்த்தை பேசாமல் அங்கே இருந்துவிடுவார்கள். அந்த மௌனம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே இரும்பைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

பழுதெல்லாம் தீர்ந்தபின் அவன் வண்டியில் ஏற்றத் தொடங்கினான். தூரப் பயணத்துக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் செய்தான். லாரி பாடி கட்டுகிறவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. எதையும் கனமாகச் செய்தால்தான் அது நிற்கும் என்று நம்புவார்கள். இரண்டு போல்ட் போதும் என்கிற இடத்தில் நான்கு போடுவார்கள், கேட்டால் கூட ஒன்று இருக்கட்டும் என்பார்கள். பத்து டன் நெல் ஏற்றுகிற வண்டிக்கு அது சரி. சென்னிமலை மோட்டார் சைக்கிளுக்கும் அதையே செய்தான். பின்பக்கக் கேரியரை லாரிக்குப் போடும் ஆங்கிள் இரும்பிலேயே அடித்தான். இரண்டு பக்கமும் தகரப் பெட்டி, அதற்கு உள்ளே வேங்கைப் பலகை. டீசல் டேங்கின் தடித்த தகட்டில் பெரிய பெட்ரோல் டேங்க். என்ஜினுக்குக் கீழே கல் அடிக்காமலிருக்க லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி ஒரு தடுப்பு. முன்னால் லாரியின் ஹெட்லைட். ஸ்டெப்னி டயர் ஒன்று. ஒவ்வொரு நட்டையும் அவன் கடைசித் திருகு திருகி இறுக்கும்போது, அவனுக்குள் இருந்து ஏதோ கொஞ்சம் இறங்கிப்போயிற்று. அவன் அதைக் கவனித்தானா என்பது தெரியாது. முதுகுவலி போய்விட்டது என்று மட்டும் ஒருநாள் சொன்னான்.

கண்டுபிடித்தது எடைமேடையில்தான். பாடி கட்டி முடித்த லாரியைச் சரக்கில்லாத வெறும் எடை பார்க்காமல் பட்டறையிலிருந்து வெளியே விடுவதில்லை. அந்தப் பழக்கத்தில் சென்னிமலை ஒவ்வொன்றை மாட்டிய பிறகும் புல்லட்டை ஜவ்வரிசி ஆலையின் எடைமேடைக்கு ஓட்டிப்போய், இறங்காமல், அதன்மேல் உட்கார்ந்தபடியே எடை பார்த்தான். மேடையைப் பார்த்துக்கொண்ட வெங்கடாசலம் முதல் தடவை இருநூற்று நாற்பது கிலோ என்று சீட்டு எழுதினார். பெட்டி மாட்டி வந்தபோதும் இருநூற்று நாற்பது. டேங்க் மாற்றி வந்தபோதும் அதுவே. மேடைதான் சிக்கிக்கொண்டது என்று அவர் ஒரு மரவள்ளிக்கிழங்கு லாரியை ஏற்றிப் பார்த்தார், அது சரியாகக் காட்டியது. பிறகு புல்லட்டைத் தனியாக நிறுத்திப் பார்த்தார், சென்னிமலையைத் தனியாக நிறுத்திப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வண்டிக்கு ஏறுனதெல்லாம் உங்ககிட்ட இருந்துதானுங்க எறங்கியிருக்குது," என்றார். "கணக்கு நேராத்தான் இருக்குதுங்க. ரெண்டும் சேந்து கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

சென்னிமலை சீட்டை மடித்து வாங்கிக்கொண்டு வந்தான். மறுவாரம் ஸ்டெப்னிக்குத் துணையாக இன்னொரு டயரை மாட்டினான்.

அவன் அம்மா ஆத்தாயி முதலில் கவனித்தது வாசலை. மழை பெய்து ஈரமாக இருந்த மண்ணில் கோழிக்குக் கால் பதிந்திருந்தது, மகனுக்குப் பதியவில்லை. "ஏம் புள்ள வசந்தா, என்ற பையன் நடந்தா மண்ணுல தடமே உழுக மாட்டேங்குதே, பாத்தியா?" என்று மருமகளைக் கேட்டாள்.

"பாத்தனுங்க அத்தை."

"பாத்துட்டுச் சும்மா நிக்கறயே. சோத்துல நெய்யக் கூட ஊத்து."

வசந்தாமணி நெய்யைக் கூட ஊற்றினாள். பலனில்லாததால் அவன் வேட்டி மடிப்பில் கிணற்றுமேட்டுக் கல்லை வைத்துக் கட்டினாள். கட்டின கல்லும் அவனோடு சேர்ந்து எடை இழந்தது. சாயங்காலம் அவிழ்த்தபோது உரித்த சோளத்தட்டையைப்போலக் கையில் கனமில்லாமல் இருந்தது. அவன் மேல் படிந்த எதுவும் அவனைப்போலவே ஆயிற்று. பட்டறையில் கூட்டாளியாக இருந்த வெல்டர் மயில்சாமிக்கு மட்டும் இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. "அண்ணனுக்கு இனி ஏணியே வேண்டாமுங்க அண்ணி," என்று ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது சொன்னான். "இந்த லாரி நெத்திப் பலகையில ஆணி அடிச்சுட்டு அப்படியே எட்டு வெச்சு அந்த வண்டி மேல போயர்றாரு. மத்த பட்டறைக்காரனுக பூரா வயித்தெரிச்சல்ல கெடக்கறானுக." அவன் சிரித்தான். வசந்தாமணி காபித் தம்ளரை அவன் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஆடியில் காற்று எடுத்தது. அந்தச் சமவெளியில் ஆடிக் காற்றுக்குத் தடுப்பு எதுவும் கிடையாது. மேற்கேயிருந்து புறப்பட்டால் பனையையும் வீட்டு ஓடுகளையும் உலுக்கிக்கொண்டு நேராக வரும். ஒரு காலையில் வசந்தாமணி வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். மோட்டார் ரூமிலிருந்து வந்துகொண்டிருந்த சென்னிமலையைக் காற்று பின்னாலிருந்து தூக்கியது. அவன் சோளக்காட்டின் மேல் ஏறிவிட்டான். கதிர்களின் தலைமேல் கால் வைத்து, ஒன்றும் வளையாமல், ஒரு மணியும் உதிராமல், கிழக்கு முனை வரைக்கும் நடந்தான். கிளிகள்கூட அவனுக்காக எழுந்து போகவில்லை. அவள் அரிவாளைப் போட்டுவிட்டு வரப்பில் கூடவே ஓடினாள். அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதில் அவள் தேடிய பயம் இல்லை. அவன் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தான். காடு முடிகிற இடத்தில் வேட்டி நுனி எட்டியது, பிடித்து இழுத்தாள். கிணற்றில் வாளி இழுக்கிற பாரம்கூட இல்லை.

"ஏனுங்க," என்று மூச்சு வாங்கக் கேட்டாள். "அந்தப் பெட்டிய மட்டுமாவது கழட்டி வெச்சரலாமுங்களா?"

அவன் வீடு வந்து கால் கழுவும்போது சொன்னான். "வழியில என்னென்ன வேணுமோ."

அன்றிலிருந்து அவள் தூங்கும்போதும் அவன் சட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். பகலில் அவன் பட்டறைக்குப் போன பிறகு வானத்தைப் பார்த்தாள். பருந்து வட்டமடித்தாலும் கையை நெற்றிக்கு வைத்துக் கூர்ந்து பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஓடு பறக்கிற காற்றில், அவளால் பொறுக்க முடியாமல் போயிற்று. கட்டுத்தரைக்குப் போய் ஸ்பேனரை எடுத்தாள். பெட்டிகளின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். கடைசி நட்டு கழன்றதும் இரண்டாவது பெட்டி கனமாக மண்ணில் உட்கார்ந்தது. செயினும் டியூபும் பிளக்கும் கேபிளும் சிறு ஸ்டவ்வும் அதற்குள் குலுங்கின. எங்கோ தன் புருஷன் மண்ணில் காலூன்றி நிற்கிறான் என்று நினைத்து, பல மாதங்களில் முதல் தடவையாக அவள் முழு மூச்சு விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மயில்சாமி ஓடி வந்தான். "அண்ணி, பதறாதீங்க. காலுதான். உசுருக்கு ஒண்ணுமில்லீங்க."

"என்னாச்சுங்க?"

"எப்பவும்போல இந்த வண்டி மேல இருந்து அந்த வண்டிக்கு எட்டு வெச்சாருங்க. நடுவாலே கனம் வந்துருச்சு." அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "நாலு பேரு சேந்து தூக்கினோமுங்க. பழைய கனம்."

எலும்பு கட்டுகிற வைத்தியர் மூங்கில் தப்பை வைத்துக் காலைக் கட்டிவிட்டுப் போனார். கட்டிலை நடைவாசலில் போட்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கட்டுத்தரை தெரியும், பெட்டியில்லாத புல்லட் தெரியும், மண்ணில் உட்கார்ந்திருந்த பெட்டிகளும் தெரியும். சென்னிமலை அவற்றைப் பார்த்தான். பிறகு வசந்தாமணியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு கஞ்சியை ஆற்றினாள். கேட்டுவிட்டால் தேவலை என்றிருந்தது. திட்டினால் இன்னும் தேவலை. அவன் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. கட்டில் கயிறுகள் அவன் பாரத்தில் கிறீச்சிட்டதை அவள் அடுப்படியிலிருந்து கேட்டாள். அவள் ஆசைப்பட்ட சத்தம் அது. இப்போது அதைக் கேட்கக் காது கூசியது. வாரம் திரும்பியபோது அவன் கூப்பிட்டான்.

"பெட்டிய மாட்டிரு புள்ள. கால் கனக்குது."

அவள் போய் மாட்டினாள். நட்டை இறுக்க இறுக்க நடைவாசலில் கட்டிலின் கயிறு ஒவ்வொன்றாக ஓய்ந்தது. அடுத்த நாளே அவன் உடைந்த காலில் எழுந்து நடந்தான். நடப்பதில் சிரமம் ஒன்றுமில்லை, அந்தக் காலின் மேல் ஏறுவதற்கு எடையே இல்லை. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, தன் தப்பையின் கைராசி என்று சொல்லிப் போனார்.

அதற்குப் பிறகு வண்டி வசந்தாமணியின் பொறுப்பாயிற்று. அவன் பலகையில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான், அவள் வேலை செய்தாள். என்ஜின் ஆயிலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றும் இடைவெளியில் அவன் பாதம் இலேசாக மண்ணைத் தொடுவதையும், டேங்க் நிரம்பும்போது குதிகால் எழும்புவதையும் அவள் பார்த்துப் பழகிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் போகிற நாளில் ஒரு பெட்டியைக் கழற்றி வைத்தாள், சபையில் நாலு பேர்போல அவன் நடக்கவேண்டுமே. லாரி நெற்றியில் வேலை என்றால் மாட்டி அனுப்பினாள், அவன் இறங்கி வீடு வந்து சேரும்வரை புல்லட் பக்கம் யாரையும் விடவில்லை. எண்பதும் எண்பத்தொன்றும் இப்படிப் போயின. வானம் இருண்டால் ஆத்தாயி வாசலிலிருந்தே சத்தம் போடுவாள். "வசந்தா, காத்து எடுக்குது, டயரக் கழட்டு!" பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் காற்று வருவதை அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

எண்பத்திரண்டு பங்குனியில் சென்னிமலை சொன்னான். "வைகாசியில கெளம்புனா, பனி உருகறப்பப் போய்ச் சேந்தரலாம்கறாங்க."

வசந்தாமணி அன்றைக்குச் சோற்றை வடித்தாள், ஆட்டுக்குத் தழை போட்டாள், மனத்துக்குள் வடக்கே ஒவ்வோர் ஊராகப் போனாள். இவன் போகிற வழியெல்லாம் பட்டறை இருக்கும். பட்டறை இருந்தால் இரும்பு இருக்கும். ஓசூரில் ஒரு கம்பி, ஹைதராபாத்தில் ஒரு கொக்கி, கூட ஒன்று இருக்கட்டும் என்று மாட்டிக்கொண்டே போவான். காற்று எடுக்கும்போது ஒன்றைக் கழற்றி வைக்கவேண்டும் என்று இவனுக்குத் தோன்றாது. நாகபுரியைத் தாண்டும் முன்னே ஏதோ ஒரு பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்புவான், இறங்கி நிற்பான், அவ்வளவுதான். வண்டி மட்டும் ஸ்டாண்டில் நிற்கும். ஸ்பேனரோடு யாராவது கூட இருந்தாக வேண்டும்.

"நானும் வாரனுங்க," என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். ஆத்தாயிதான் பிடித்துக்கொண்டாள். "பொம்பளை ஊட்ட உட்டுட்டு வண்டியில ஊரு சுத்துவாளா? ஆடு மாட்ட ஆரு பாக்கறது?"

"ஆட்டுக்குக் காலு மண்ணுல இருக்குதுங்க அத்தை," என்றாள் வசந்தாமணி. ஆத்தாயி தழைக்கட்டை எடுத்துக்கொண்டு ஆட்டுப் பக்கம் போனாள்.

கிளம்புகிற நாள் காலையில் எடைமேடைக்குப் போனார்கள். பெட்டிகளில் சாமான், டேங்க் நிறையப் பெட்ரோல், பின்னால் கூடாரத் துணி. முதலில் சென்னிமலை மட்டும் உட்கார்ந்தான், முள் வழக்கமான இடத்தில் நின்றது. வசந்தாமணி மேடைக்கு வெளியே நின்று கணக்குப் போட்டாள். அவனிடம் மிச்சமிருப்பது ஒரு கைக்குழந்தையின் பாரம். அவள் அதைப்போலப் பலமடங்கு. அவளும் ஏறி, முள்ளும் நகரவில்லையென்றால், அவளுடைய பாரம் எங்கிருந்து கழியும்? அவனிடம் கழிய ஒன்றுமில்லை. கழிந்தால் அவன் மேலேதான் போகவேண்டும். வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படித் திரும்பினால் இவன் தனியாகப் போவான். ஸ்பேனரைப் பெட்டியின் நட்டில் கோத்து வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையால் அவன் இடுப்பைச் சுற்றி வளைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

மேடை அசையவில்லை. வெங்கடாசலம் முள்ளைப் பார்த்தார். "இருநூத்தி நாப்பதுங்க," என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். அவன் முதுகு அவள் முகத்துக்கு முன்னாலேயே இருந்தது. சட்டையில் ஆயில் கறை, கழுத்தில் வேர்வை. அவன் எங்கேயும் போகவில்லை. அவளுடைய செருப்பில் ஒன்று கழன்று மேடைமேல் விழுந்து கிடந்தது. காலை நீட்டி அதை மாட்டப் பார்த்தாள், கால் மெதுவாக, நீருக்குள் இறங்குகிறதுபோல இறங்கியது. தன் உடம்பு உட்கார்ந்திருக்கிறது என்பதற்குப் புடவை கசங்கியிருப்பதைத் தவிர வேறு அடையாளம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

"பயமா இருக்குதா?" சென்னிமலை திரும்பாமல் கேட்டான்.

"இருக்குதுங்க."

ஆலையின் சங்கு ஊதி ஓய்ந்தது. "எனக்கும்தான்," என்றான். "மொதல் நாள்ல இருந்தே."

அவள் ஸ்பேனரை நட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெங்கடாசலம் செருப்பை எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டு, சீட்டு வேண்டுமா என்று கேட்டார். வேண்டாமென்றார்கள். வண்டி சேலம் ரோட்டில் ஏறி வடக்கே திரும்பியது.

ஆனி போய் ஆடி வந்தது. பனைகள் ஒரே பக்கமாக வளைந்து நின்றன. ஆத்தாயி யாரிடமும் சத்தம் போட வேலையில்லாமல் வாசலில் நின்று காற்றைப் பார்த்தாள், ராத்திரி சோறு இறங்கவில்லை. வடக்கேயிருந்து வந்த டிரைவர்கள் ஒவ்வொரு சேதி கொண்டுவந்தார்கள். நாகபுரியில் ஒருவன் பார்த்திருக்கிறான். ஜான்சிக்குப் பக்கத்தில் ஒருவன், அந்தப் பெண் ரோட்டோரத்தில் வண்டிச் செயினை இறுக்கிக்கொண்டிருந்ததையும், பக்கத்தில் புருஷன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் பார்த்திருக்கிறான். ஆவணியில் ஆப்பிள் ஏற்றி வந்த ஒரு டிரைவர் தோட்டத்துக்கே தேடி வந்தார். லடாக்குக்கு மலையேறுகிற இடத்தில் ஒரு டீக்கடை, அங்கே இருவரையும் பார்த்தேன் என்றார். பெஞ்சின் கீழ்க்கட்டையில் ஆளுக்கொரு காலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்து டீ குடித்தார்களாம். கடைக்காரன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லையாம்.

"அங்க காத்து எப்புடி சாமி?" என்று ஆத்தாயி கேட்டாள். அதைக் கேட்கத்தான் அவள் இத்தனை நாள் தூங்காமல் இருந்தாள்.

"அங்க காத்தே கம்மிங்க ஆத்தா," என்றார் டிரைவர். "மூச்சு உடறதுக்கே பத்த மாட்டேங்குது. ஆளத் தூக்கறதுக்கு எங்கீங்க போறது?"

"அப்ப அது நல்ல ஊருதான்," என்ற ஆத்தாயி, அங்கே ஆப்பிள் என்ன விலை என்று கேட்டாள்.